நான்காவது கோடு

ஐந்து மாதமாக நான் பெட்டி வரைந்துகொண்டிருக்கிறேன். பெட்டி என்றால் பெட்டிதான். ஆறு முகம், எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு. போன மாதம் ஒரு புத்தக வெளியீடு முடிந்து டீக்கடையில் நின்றபோது இதை நண்பர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். சிரிப்பில் தப்பில்லை. அறுபதைத் தாண்டியவன், முப்பது வருஷத்துக்கு மேல் கவிதையைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லி வந்தவன், ராத்திரி ஒன்பது மணிக்குமேல் விளக்கைப் போட்டுக்கொண்டு பெட்டி போடுகிறான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரித்து ஓய்ந்தபின் அவர்கள் சொன்னவைதான் என்னை இதை எழுதவைக்கின்றன. ஒருவர், பயிற்சியெல்லாம் கைவேலைக்காரனுக்கு, கலைஞனுக்கு வேண்டியது தரிசனம் என்றார். இன்னொருவர், பர்ஸ்பெக்டிவ் என்பதே மேற்கத்தியப் பார்வையின் ஆதிக்கம், அது நமக்கெதற்கு என்றார். மூன்றாமவர் சுபாவத்தில் நல்லவர். "உங்களுக்குப் பிடிச்சிருக்கு இல்ல, அது போதும்" என்றார். மூன்றிலும் ஆபத்தானது இந்த மூன்றாவதுதான் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே ஒரு பெட்டி போடக் கற்றுக்கொண்டிருக்கிறோம். ஒரு சதுரம். சற்று மேலே, வலப்பக்கம் தள்ளி இன்னொரு சதுரம். மூலைக்கு மூலை நான்கு சாய்கோடு. முடிந்தது. அதைப் பார்த்து யாரும் பெட்டி இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் அது பெட்டி இல்லை, பெட்டி என்பதற்கு நாம் வைத்துக்கொண்டிருக்கும் எழுத்து, 'அ' மாதிரி. ஒரு தீப்பெட்டியை அதன் மூலை உங்களைப் பார்க்கும்படி மேஜைமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். அந்தச் சதுரம் எங்கேயும் கிடையாது. நேர்கோணம் என்று நீங்கள் சத்தியம் செய்யக்கூடிய எந்த மூலையும் நேர்கோணமாகக் கண்ணில் விழுவதில்லை. தெரிந்ததை வரைகிறோம், பார்ப்பதை வரைவதில்லை. நமது சிறுகதைகளில் வரும் குமாஸ்தாக்களும் மனைவிமார்களும் இந்த இரண்டு சதுரப் பெட்டிகள்தான் என்பது வேறு விஷயம்.

எனக்குச் சொல்லித்தருபவர் எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயரான டிராயிங் மாஸ்டர். அரசாங்க டெக்னிக்கல் பரீட்சை, லோயர், ஹையர் என்பார்களே, அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்தே காலத்தைக் கழித்தவர். நவீன ஓவியம் பற்றி அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. இலக்கியம் பற்றி அறவே கிடையாது. இந்த இரண்டு காரணங்களாலும் அவரோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். முதல் நாள் பென்சிலும் ரப்பரும் கொண்டுபோனேன். இரண்டையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு ஒரு கறுப்பு மசிப் பேனாவைக் கொடுத்தார். "அழிக்கலாம்னா யோசிக்க மாட்டீங்க ஸார்" என்றார்.

கோட்டைப் போடுமுன் கையைத் தாளுக்குமேல் அந்தரத்தில் அதே பாதையில் இரண்டு மூன்று தடவை ஓட்டிப்பார்க்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து அல்ல, தோளிலிருந்து. பிறகு தயங்காமல் ஒரே வீச்சு. கோணலாகப் போனால் போனதுதான். அதன்மேல் இன்னொரு கோடு போட்டு மழுப்பக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு வெகுநாள் சிரமமாக இருந்தது. மழுப்புவது என்பது என் உரைநடையின் அடிப்படைப் பண்பு.

பெட்டி தொடங்குவது ஒரு புள்ளியில். அதுதான் நமக்கு மிக அருகே இருக்கும் மூலை. அதிலிருந்து மூன்று கோடுகள், ஆங்கில 'ஒய்' மாதிரி. மூன்று கோணங்களும் தொண்ணூறு டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்று சுருங்கினாலும் பெட்டி கோணிக்கொள்ளும். இந்த மூன்று கோடுகளில் ஒவ்வொன்றுக்கும் கூடப்பிறந்தவை மூன்று உண்டு. ஆக நான்கு நான்கு கோடுகளாக மூன்று குடும்பம். நிஜப் பெட்டியில் ஒரு குடும்பத்தின் நான்கு விளிம்புகளும் இணையாக ஓடுகின்றன. கண்ணுக்கோ, தண்டவாளம் தூரத்தில் ஒன்றையொன்று நெருங்குவதுபோல, நான்கும் நம்மை விட்டு விலகிப் போகப் போக ஒரே புள்ளியை நோக்கிச் சாய்கின்றன. அந்த மறைபுள்ளி பெரும்பாலும் தாளுக்கு வெளியே எங்கோ இருக்கும். மேஜையைத் தாண்டி, சில சமயம் அடுத்த அறையில். காணாத அந்தப் புள்ளியை மனதில் வைத்துக்கொண்டு, ஸ்கேல் இல்லாமல், நான்கு கோடுகளையும் அதற்குக் கீழ்ப்படியவைக்க வேண்டும். பின்பக்கத்து மறைந்த கோடுகளையும் போட வேண்டும், கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பதுபோல.

தாளுக்கு ஐந்து பெட்டி. அதன்பிறகுதான் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் வெளியே வரும். ஒவ்வொரு குடும்பத்தின் நான்கு கோடுகளையும், நம்மை விட்டு விலகும் திசையில், தாளின் விளிம்புவரை நீட்ட வேண்டும். சந்திப்பதுபோல் போகின்றனவா? என் முதல் தாளில் சந்திப்பதாவது! விளக்குமாற்றைக் கவிழ்த்துவைத்ததுபோல் விரிந்துகொண்டு போயின. நாலாவது, ஐந்தாவது தாளில் இன்னொரு விநோதம். இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துகொண்டு, ஒரு ஜோடி ஒரு புள்ளியிலும் இன்னொரு ஜோடி வேறொரு புள்ளியிலும் சந்தித்தன. இருபதாவது தாள் வந்தபோது மூன்று கோடுகள் ஒழுங்காகப் போக ஆரம்பித்தன. நான்காவது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. அது பெரும்பாலும் பின்னால் மறைந்திருக்கும் மூலைக்குப் போகும் கோடு.

ஏன் அந்தக் கோடு? கடைசியில் போடுவது அதுதான். முந்தைய கோடுகளின் சிறு பிசகுகளெல்லாம் அங்கே வந்து சேருகின்றன. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்குத் தெரியவே இரண்டு மாதமாயிற்று. அந்தக் கட்டத்தில் நான் குடும்பத்தைப் பார்ப்பதில்லை. திறந்துகிடக்கும் மூலையை எப்படியாவது மூடிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான் இருக்கிறது. புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஒரு கோட்டை இழுத்துவிடுகிறேன். பெட்டி மூடிக்கொள்கிறது. பார்ப்பதற்கு முடிந்த மாதிரி இருக்கிறது.

மாஸ்டர் திட்டியதில்லை. பாராட்டியதுமில்லை. "இந்தக் குடும்பத்துல சண்டை" என்று விரலால் காட்டுவார், அவ்வளவுதான். அந்தப் பெட்டியைச் சரிசெய்துவிடட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "அது போன பெட்டி ஸார். அடுத்ததுல பாருங்க." சிவப்புக் கோட்டில் என்னை முதலில் உறுத்தியதும் பிறகு பிடித்துப்போனதும் ஒன்றே: அது மாஸ்டருடைய கோடு அல்ல. நான் போட்ட கோட்டை, நான் போட்ட திசையிலேயே, நான் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் நீட்டுகிறது. என் பெட்டியை அவருடைய பெட்டியோடு ஒப்பிடவில்லை. அவர் பெட்டி எதையும் எனக்குப் போட்டுக்காட்டியதே இல்லை.

நம்மிடையே விமர்சனம் என்று நடப்பதில் இதற்கு இணையான காரியம் எங்கேயாவது இருக்கிறதா? ஒன்று, பிடித்திருக்கிறது, அது போதும் என்கிற தோள்தட்டல். இப்போது அதற்குப் பேச்சுகூட வேண்டாம், முகநூலில் கட்டைவிரல் போதும். அல்லது விமர்சகன் தன் கோட்டைக் கொண்டுவந்து அடுத்தவன் பெட்டிமேல் போட்டுவிட்டு, பார், ஒத்துப்போகவில்லை என்று கூவுவது. சித்தாந்தக்காரர்கள் செய்வதும் இதுதான், சித்தாந்தமே கூடாது என்பவர்கள் செய்வதும் இதுதான். எழுதியவனின் கோட்டை எடுத்து அது எங்கே போகிறதென்று நீட்டிப்பார்க்கிற பொறுமை இரண்டு கூட்டத்துக்கும் கிடையாது.

எனக்கும் கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நண்பன் ஒருவன் தன் கவிதைகளை ஒரு நீளநோட்டில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தான். அதில் ஒரு ரயில்நிலையக் கவிதை. நின்றுபோன கடிகாரம், மூடாத குழாயில் சொட்டும் தண்ணீர், தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தபடி தூங்கும் கிழவி. மூன்றும் ஒரே திசையில் போகின்றன. வரப்போவதில்லை என்று தெரிந்தும் காத்திருக்கும் ஒரு பொழுது, அது கவிதைக்கு வெளியே எங்கோ இருக்கிறது, மூன்றும் அதை நோக்கிச் சாய்கின்றன. அப்புறம் கடைசி வரி. அதில் பிரபஞ்சம் வந்துவிட்டது. தண்டவாளங்கள் அண்டவெளிக்குள் போய்விட்டன. அந்த மூன்று கோடுகள் அங்கே போகவில்லை. அந்தக் காலத்தில் எல்லோருடைய கவிதையும் அங்கே போய்த்தான் முடிந்தது. மூலையை மூடியாக வேண்டும், மூடிவிட்டான். அன்று ராத்திரி நோட்டைப் படித்தபோதே இது எனக்குத் தெரிந்தது. மறுநாள் அவனிடம், "கடைசி வரி பிரமாதம்" என்றேன். முன்னுரையும் எழுதிக்கொடுத்தேன், பிரபஞ்ச தரிசனம் என்ற வார்த்தை அதில் இரண்டு தடவை வருகிறது.

சொந்தப் பணத்தில் முந்நூறு பிரதி போட்டான். அதில் பெரும்பகுதி இன்றும் அவன் கட்டிலுக்கடியில் சணல் கட்டிக் கிடக்கிறது. விற்காதது குற்றமில்லை, நம் புத்தகங்கள் எதுதான் விற்றது. இரண்டு வருஷத்துக்கு முன், வீடு மாற்ற உதவிக்குப் போயிருந்தபோது, அந்தக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டே கேட்டான்.

"உனக்கு அப்பவே தெரியும் இல்ல?"

"தெரியும்."

"பின்ன ஏன்டா சொல்லலே?"

பதில் சொல்லவில்லை. பதில் இதுதான்: அந்த மாதம் என் கட்டுரைத் தொகுப்பு அச்சில் இருந்தது. அதற்கு மதிப்புரை எழுதுவதாக ஒத்துக்கொண்டிருந்தவன் அவன். எழுதினான். நன்றாகவே எழுதினான்.

இதைத் தனிமனித பலவீனம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெண்பா எழுதியவனுக்கு ஒரு வசதி இருந்தது. தளை தட்டினால் தட்டியதுதான். ஜமீன்தாரானாலும் தட்டும், ஜமீன்தாரின் புலவரானாலும் தட்டும். நட்பால் தளையைச் சேர்க்க முடியாது. யாப்பை நாம் விட்டோம். விட்டது சரி, திரும்பப் போகச் சொல்லவில்லை. தளை சரியாக இருந்தும் உயிரற்ற வெண்பாக்கள் மூட்டை மூட்டையாக உண்டு. ஆனால் யாப்போடு சேர்த்து, கவிதை தன்னைத் தவிர வேறொன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த அந்த ஏற்பாட்டையும் தூக்கியெறிந்துவிட்டோம். அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டுமென்று தோன்றியவர் செல்லப்பா. 1959இல் 'எழுத்து' தொடங்கி, வரிவரியாக எடுத்துவைத்து அவர் செய்த அலசலைப் பலர் கேலி செய்தார்கள். வறட்டு வேலை என்றார்கள். சில சமயம் வறட்டுவேலையாகவும் இருந்தது. ஆனாலும் எழுதியவனின் கோட்டை நீட்டிப்பார்ப்பதுதான் அவர் செய்தது. க.நா.சு.வோ ரசனையை நம்பினார், பட்டியல் போட்டார். அவர் ரசனை அவருக்குப் போதுமானதாக இருந்தது, அத்தனை படித்திருந்தார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது படிப்பை அல்ல, பட்டியலை.

பர்ஸ்பெக்டிவ் மேற்கின் ஆதிக்கம் என்றாரே, அவருக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி வாஸ்தவம். அது மனிதக் கண்ணின் இயற்கை விதியல்ல, ஒரு காலத்தின் குறியீட்டு வடிவம் என்று 1927இலேயே பனோஃப்ஸ்கி எழுதிவிட்டார். நமக்கு இரண்டு கண்கள், அவை ஓயாமல் அலைகின்றன, விழித்திரை வளைவானது. ஒற்றைக் கண்ணை அசையாமல் நிறுத்திவைத்துப் பார்ப்பது ஒரு ஒப்பந்தம்தான். முகலாயச் சிற்றோவியமும் தஞ்சாவூர்ப் படமும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, அதனால் எதையும் இழக்கவுமில்லை. சென்னையில் 1850இல் டாக்டர் ஹன்ட்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியும், பிறகு வந்த டிராயிங் பரீட்சைகளும் காலனி ஆட்சியோடு வந்தவை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஒப்பந்தம் எப்படித் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளாரென்ஸ் நகரில் புரூனெல்லெஸ்கி, தேவாலயத்தின் வாசலில் நின்று எதிரே இருந்த ஞானஸ்நான மண்டபத்தை ஒரு சிறு பலகையில் வரைந்தான். படம் இன்று இல்லை. அவனுடைய வரலாற்றை எழுதிய மனெட்டி அதை விவரித்திருக்கிறான். பலகையில் ஒரு துளை போட்டான். பார்ப்பவன் பலகையின் பின்புறம் கண்ணைத் துளையில் வைத்து, மறுகையில் ஒரு கண்ணாடியை எதிரே பிடித்து, அதில் பிரதிபலிக்கும் படத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடியை விலக்கினால் எதிரே நிஜக் கட்டடம். வானத்தை அவன் வரையவில்லை. மெருகேற்றிய வெள்ளியைப் பதித்துவிட்டான், நிஜ மேகமே அதில் ஊர்ந்து போகட்டும் என்று. என்னைத் தொடுவது அவன் கண்டுபிடித்த கணிதம் அல்ல. பலகையில் துளை போட்டானே, அது. தெருவில் போகிறவன், படிக்காதவன், அவனை வெறுக்கிறவன், எவனும் வந்து இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பர்ஸ்பெக்டிவ் பிறக்கும்போதே தன்னைச் சோதிக்கும் வழியையும் கையோடு கொண்டு பிறந்தது. 1435இல் ஆல்பெர்ட்டி ஓவியம் பற்றி எழுதியபோதும், வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பார், குறைகள் அங்கே பெரிதாகத் தெரியும் என்பதை மறக்காமல் சொல்லிவைத்தார். நம் நண்பர் எதிர்ப்பது மேற்கையா, துளையையா?

ஏனென்றால் மேற்கை எதிர்ப்பதற்காக அவர் தஞ்சாவூர்ப் படம் போடுகிறவரிடம் போய் உட்காரவில்லை. போயிருந்தால் அங்கேயும் முதல் வருஷம் முழுக்கக் கோடுதான் போடச் சொல்லியிருப்பார்கள். பர்ஸ்பெக்டிவை உதறியவர்கள் நம்மிடையே உண்டு. நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரைந்து தேர்ந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1960களில் சொற்களும் குறியீடுகளும் நிரம்பிய அந்தப் படங்களுக்கு வந்து சேர்ந்தார். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிப் போட்ட கோட்டுப் படங்களைப் பார்த்தவர்களுக்கு, பின்னால் அவர் உருவத்தை விட்டு வண்ணத்துக்குப் போனபோது எதை விட்டுப் போனார் என்பது தெரியும். கையில் இருந்ததை விடுவது வேறு. இல்லாததை விட்டதாகச் சொல்லிக்கொள்வது வேறு.

தரிசனக்காரருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்வாமிமலைக்குப் போய்ப் பார்க்கட்டும். தென்னங்கீற்றை விக்ரகத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளக்கணக்கைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஸ்தபதி மெழுகில் கைவைக்கிறார். அவ்வளவு தூரம் போக முடியாதென்றால் விடியற்காலையில் தன் வீட்டு வாசலையாவது பார்க்கட்டும். சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளியைத் தப்பவிட்டால் கம்பி தொடங்கிய இடத்துக்குத் திரும்பாது. போட்ட பெண்ணுக்கே முதலில் தெரியும், யாரும் சொல்ல வேண்டாம். மறுநாள் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி போடுகிறாள். இவர்கள் யாருக்கும் தரிசனம் இல்லையென்று சொல்ல நம்மவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நாலு வரி எழுதிவிட்டு ஐந்தாவது வரி வராதபோது அதற்கு மௌனம் என்று பெயர் வைப்பவர்கள் நாம்.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். வசாரி 1550இல் எழுதிய ஓவியர் வரலாற்றில் உச்செல்லோவை வைகிறார். ராத்திரி பகலாகப் பர்ஸ்பெக்டிவில் மூழ்கி, நல்ல திறமையை அதிலேயே தொலைத்தான் என்று. உச்செல்லோவினுடையது என்று சொல்லப்படும் ஒரு கிண்ணத்தின் வரைபடம் ஃப்ளாரென்ஸில் இருக்கிறது. கம்பி வலையால் கட்டியதுபோல, ஒவ்வொரு முகமும் மறுபக்கம் தெரிய. அதைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வசாரியோடு சண்டை போடத் தோன்றுகிறது. ஆனாலும் அவர் சொல்லும் வியாதி உண்மை. நூறு பெட்டி தாண்டியபோது எனக்கே அது பிடித்துக்கொண்டது. பஸ்ஸைப் பார்த்தாலும் பெட்டி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாலும் பெட்டி. மாஸ்டர் கண்டுகொண்டார். ஒரு தாள் பெட்டி போட்டால் இன்னொரு தாளில் மனசுக்குத் தோன்றியதை வரைய வேண்டும், நாய், மனுஷன், என்ன வேண்டுமானாலும், என்றார். "அதை எனக்குக் காட்டாதீங்க. அதுல சிவப்பு மையும் வேணாம்." இந்த உத்தரவை நான் எதிர்பார்க்கவில்லை. சிவப்பு மை எங்கே போகக் கூடாது என்பதும் அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் ஒரு கட்டு நாய்கள் இருக்கின்றன, யாருக்கும் காட்டப்போவதில்லை.

போன வாரம் இருநூற்று ஐம்பதாவது பெட்டியைப் போட்டேன். ஐம்பது தாள், மூவாயிரம் கோடு. முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்காவது கோடு இன்னும் பிசகத்தான் செய்கிறது. ஆனால் கை கிளம்பும்போதே பிசகப்போவது தெரிகிறது. மாஸ்டர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்தது உருளை என்றார்.

இந்தக் கட்டுரையை முடித்ததும் நண்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு சிவப்புப் பேனாவையும் சேர்த்து. இரண்டு நாள் வைத்திருந்தான். பெட்டியிலிருந்து பரப்பிரும்மத்துக்குத் தாவும் ஒரு பத்தி இதில் இருந்தது, எனக்கு மிகவும் பிடித்த பத்தி. அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் "மூலையை மூடறே" என்று எழுதியிருந்தான். எடுத்துவிட்டேன். க.நா.சு. பற்றிய வரிகளையும் அடித்திருந்தான். அவற்றை எடுக்கவில்லை, அங்கே அவன் சொல்வது தப்பு. அதைப் பற்றி நேற்று ராத்திரி பதினொரு மணிவரை சண்டை போட்டோம். ரயில்நிலையக் கவிதையின் கடைசி வரியை எடுத்துவிட்டானாம். அந்த இடத்தில் இன்னும் எதுவும் வைக்கவில்லை.